மூடிக்கு அடியில்

விவேக் நகர் வீட்டின் ஒற்றை அறையில், மீன்தொட்டி மூடிக்கு அடியில் தொங்கும் நீர்த்துளிகளில் விளக்கொளி பச்சையாகக் கலங்குகிறது. மஸ்கட்டிலிருந்து ஜெரோம் தினமும் காலையில் வீடியோவில் கூப்பிட்டு மீன்களைப் பார்க்கிறான். "கேமராவத் தொடைச்சுக் காட்டு செலின், ஒண்ணும் தெரியல." "கேமரா இல்லங்க, மூடி வேர்த்திருக்கு," என்று மனைவி அதை உயர்த்துகிறாள். வெதுவெதுப்பான பாசி வாடை முகத்தில் அடிக்கிறது. நீர்ச்செடி என்று நம்பி அவன் நட்டுவிட்டுப் போன லக்கி பாம்பூ நுனி இலை வரை மூழ்கி, அடித்தண்டு மஞ்சளாகிக் கொழகொழக்கிறது. "இதுக்குத் தலை வெளிய இருக்கணுமாம். எடுத்து ஜன்னல்ல வெச்சிடட்டா?" "மொதல்ல மூடு, மீன் குதிச்சிடும். நான் வர்ற வரைக்கும் எல்லாம் வெச்ச எடத்துலயே இருக்கட்டும்." "எப்ப வருவீங்க?" திரையில் அவன் முகம் வாய் திறந்தபடி உறைந்து நிற்கிறது. செலின் மூடியை இறக்குகிறாள். ஓர் இலையின் நுனி மட்டும் விளிம்பில் மாட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை அவள் உள்ளே தள்ளவில்லை.