நானூறு மீட்டர் பயம்

"ஒரு ஜெர்மன்காரரைக் கொசு கடிக்கக் கூடாதுன்னு இவ்ளோ ஆட்டம் ஆடறீங்களே, உங்களுக்கே அசிங்கமா இல்லையாக்கா?"

சௌமியா கேட்டாள். தேவகி கம்ப்யூட்டரில் மெயில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. காட்பாடியில் சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும் சௌமியா, மூன்று மாதப் பயிற்சிக்காக அங்கே வந்திருந்தாள். வந்த நாளிலிருந்து சண்டைதான். கேன்டீன் சாம்பாருக்கு ஒரு சண்டை, லேடீஸ் பாத்ரூமில் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு சண்டை.

பெரிய சண்டை டிரம்முக்காக. கம்பெனிச் சுவருக்குப் பின்னால் தொழிலாளர்களின் லைன் வீடுகள். குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். தோல் பதனிடும் ஷாப்பில் கெமிக்கல் வந்த நீல டிரம்களை வாங்கி, கழுவி, வாசலில் தண்ணீர் பிடித்து வைப்பார்கள். மேல்பக்கத்தை அறுத்துத்தான் அந்த டிரம்மை விற்பார்கள். அப்புறம் மூடிக்கு எங்கே போவது? திறந்து கிடக்கிற நல்ல தண்ணீரில் கொசு குடும்பம் நடத்தியது.

எட்டுப் பேருக்கு டெங்கு. தையல் செக்ஷன் இன்பத்தின் மகள் ஜெனிஃபா, இரண்டாவது படிக்கிறவள், பிளேட்லெட் இறங்கி வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

டெங்கு கொசு நானூறு மீட்டர் வரை பறக்கும், அதற்குள் ஒரு டிரம்கூடத் திறந்திருக்கக் கூடாது என்று சௌமியா மூன்று மனு எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் மதியழகன் மூன்றையும் மரியாதையாக வாங்கி டிராயரில் போட்டார். "பையர் வந்துட்டுப் போகட்டும்மா, பார்க்கலாம்" என்றார்.

பையர் என்றால் ஷூ வாங்கும் ஜெர்மன்காரர் வெர்னர். கம்பெனியின் பாதி ஆர்டர் அவருடையது. அவர் மெயிலைப் படித்துச் சொல்வது தேவகியின் வேலை. மதியழகனுக்கு மெயில் திறக்கவெல்லாம் நேரம் கிடையாது. 'எஸ் சார் தேவகி' என்றுதான் செக்ஷன்களில் அவளுக்குப் பெயர்.

அந்த தேவகிதான் போன மாதம் ஒரு சேதி கொண்டுவந்தாள். வெர்னருக்குக் கொசு என்றால் உயிர்பயமாம். ஆம்பூரில் டெங்கு என்று கேள்விப்பட்டாராம். வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாராம்.

மதியழகன் கெஸ்ட் ஹவுசுக்கு மட்டும் புகை அடிக்கச் சொன்னார். இரண்டு நாளில் அடுத்த சேதி. புகை போதாதாம். கொசு நானூறு மீட்டர் பறக்குமாம். அதற்குள் ஒரு டிரம்கூடத் திறந்திருக்கக் கூடாதாம்.

சௌமியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதையேதானே நானும் எழுதினேன்? வெள்ளைக்காரர் சொன்னால்தான் கொசுவுக்கே இறக்கை முளைக்குமா?

முளைத்தது. சுவருக்குப் பின்னாலிருந்த டிரம்களை முதன்முதலாக மதியழகன் எண்ணினார். நூற்றி நாற்பது. ஒரு தையல் லைனை முழு ஷிஃப்டுக்கு நிறுத்தி, ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு வைத்திருந்த வலைத்துணியில் எலாஸ்டிக் வைத்து மூடி தைக்கச் சொன்னார். வாராவாரம் டிரம் தேய்க்க இரண்டு ஆள் போட்டார். சாக்கடை அடைப்பை எடுத்தார். மூன்று வாரமாக லைன் வீடுகளில் புதுக் காய்ச்சல் இல்லை. ஜெனிஃபா வீட்டுக்கு வந்து, டிரம் மூடியைத் தலையில் மாட்டிக்கொண்டு கல்யாணப்பெண் விளையாட்டு விளையாடினாள்.

ஆனாலும் சௌமியாவுக்கு ஆறவில்லை. "இன்பம் அக்கா பொண்ணு ரத்தம் தண்ணி, அவர் ரத்தம் மட்டும் ரத்தமா? வரட்டும், நேராவே கேக்கறேன்."

"கேளு" என்றாள் தேவகி. அதோடு சரி.

வெர்னர் வந்தார். சாயங்காலம் கெஸ்ட் ஹவுஸ் தோட்டத்தில் அரை டிராயரோடு, கை கால் எல்லாம் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். தேவகி டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். சௌமியா இங்கிலீஷில் நேராகவே கேட்டுவிட்டாள்: உங்கள் உயிருக்கு ஆபத்து என்றதும்தான் எங்கள் டிரம்மெல்லாம் கண்ணில் பட்டதா?

அவருக்குப் புரியவில்லை.

"கொசுவா? நான் வருஷத்தில் பாதி நாள் வியட்நாமில் இருக்கிறேன். டெங்கு எனக்கு வந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லையே. நான் சைவம். ஆம்பூரில் எனக்கு ஏதாவது சாப்பிடக் கிடைக்குமா என்றுதான் கேட்டிருந்தேன். தயிர் சாதம் கொடுத்தார்கள். ரொம்ப நன்றாக இருந்தது."

சௌமியா மெல்லத் திரும்பினாள். தேவகி டீயில் சர்க்கரை கம்மியாகப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

வெளியே வந்ததும் சௌமியா அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, அப்போ அந்தக் கொசு மெயில்?"

"தயிர் சாத மெயில் ஒண்ணுதான் வந்துச்சு."

"தெரிஞ்சா வேலை போய்டுமே?"

"மெயிலைத் திறந்து பார்த்தாதானே தெரியும்?" தேவகி முதல் தடவையாகச் சிரித்தாள். "உன் மனுவை டிராயர்லேர்ந்து எடுத்துப் படிச்சேன். சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் எழுதியிருந்தே. கீழ போட்ட கையெழுத்துதான் சரியில்ல. அதை மட்டும் மாத்தினேன்."

சௌமியா பிடித்திருந்த கையை விட்டாள்.

தேவகி நாலு எட்டு நடந்து, நின்று திரும்பினாள்.

"அடுத்த மாசம் ஒரு இத்தாலிக்காரம்மா வர்றாங்க. அவங்களுக்கு எதைக் கண்டா பயம்?"

சௌமியா யோசிக்கவே இல்லை.

"தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூமைக் கண்டாக்கா. உயிர்பயம்."