ஒரு வட்டம் குறையுதுங்க

"கேக்காததைச் சொல்லாதே" என்றாரா, "கேட்டாலும் சொல்லாதே" என்றாரா? பெண் பார்க்கக் கிளம்பிய அன்று அப்பா காதோடு சொன்னது பூவரசனுக்குச் சரியாக நினைவில்லை. எதுவானால் என்ன, வாயைத் திறக்காமல் இருந்துவிட்டான். கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது.

இரண்டு வருஷம் ஆகிறது. குழந்தை என்று ஆரம்பிக்கும் முன்னால் இருவரும் ஒருமுறை உடம்பைச் சோதித்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் அவன்தான். இண்டூரிலிருந்து தருமபுரி ஆஸ்பத்திரி வரை வண்டியில் ஐஸ்வர்யாவுக்கு ஒரே பாடம்.

"சின்ன வயசுல உனக்குக் காமாலை வந்துச்சே, அதைச் சொல்லிப்புடு. டாக்டர்கிட்ட ஒண்ணையும் ஒளிக்கக் கூடாது."

"பால் பல்லு விழுந்ததையும் சொல்லட்டுங்களா?"

"சிரிக்காத. பொறக்கப்போற குழந்தை விசயம்."

டாக்டர் கோகிலவாணி ஒரு தாளில் ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமுமாகக் குடும்பத்தை வரைந்தார். ஐஸ்வர்யா காமாலையைச் சொன்னாள். கேட்காத அம்மையையும் சேர்த்தே சொன்னாள். அடுத்து அவன் முறை.

"உங்க அப்பாவும் அம்மாவும் சொந்தமா?"

"ஆமாங்க. அப்பா, அவரோட அக்கா மவளைத்தான் கட்டுனாரு."

"கூடப் பொறந்தவங்க?"

"நான் ஒருத்தன்தாங்க."

"குடும்பத்துல யாருக்காச்சும் காது கேக்காம, பேச்சு வராம...?"

"அப்படி யாருமில்லைங்க." குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்தது.

ஐஸ்வர்யா அவனுடைய கட்டத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இங்க ஒரு வட்டம் குறையுதுங்க டாக்டர். தீர்த்தம்மாள், இவருக்கு அக்கா. பொறந்ததுல இருந்தே காது கேக்காது, பேச்சும் வராது. எங்க கல்யாணத்துக்கு முந்தின மாசம் அரூர்ப் பக்கம் ஒரு ஹோம்ல கொண்டுபோய் விட்டுட்டாங்க."

பூவரசன் அவள் பக்கம் திரும்பினான். "உனக்கு... எப்படி?"

"ரேஷன் கார்டுல எம்பேரைச் சேக்கப் போனேனே, எனக்கு முன்னாடி அவங்க பேரு இருந்துச்சு. ஊருக்கே தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போயிடுமா? மாசாமாசம் தீர்த்தமலைக் கோயிலுக்குன்னு சொல்லிட்டு அவங்களைத்தான் பாத்துட்டு வரேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்." அவள் குரல் தணிந்தது. "போறப்பல்லாம் மீசையை முறுக்கிக் காட்டி, தம்பி எங்கன்னு கேக்கறாங்க. வேலை சாஸ்தின்னு சைகை காட்டிட்டு வரேன். உங்களுக்காக நானும் பொய்தாங்க சொல்றேன்."

டாக்டர் வட்டத்தைப் போட்டார். பிறகு கேட்டார்:

"அவங்க ரத்தத்தையும் பாத்தாத்தான் தெளிவாத் தெரியும். ஒருநாள் கூட்டிட்டு வர முடியுமா?"

மறுநாள் காலையிலேயே பூவரசன் அரூர் போய் அக்காவை அழைத்து வந்தான். ரத்தம் கொடுத்த பிறகு ஹோமுக்குக் கொண்டுபோய் விடவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போனான்.