கேட்காத காது

கர்ப்பத்தின் மூன்றாம் மாதமே ஆஸ்பத்திரியில் வயிற்றில் இலவசமாகக் கட்டிவிட்ட பேசும் பெல்ட்டின் மேல் இதழினிக்கு நம்பிக்கை வரவில்லை. குழந்தைக்குக் காது உருவாகும்போதே அதைக் குரல் கேட்கப் பழக்கிவிடுமாம்.

"குழந்தைக்கு இன்னும் கேக்கவே ஆரம்பிக்கல. அப்புறம் என்ன பயம்?" என்றான் கணவன் முகிலன்.

"கேக்காத காதுகிட்ட இந்த பெல்ட்டுக்கு என்ன வேலை?"



ஏழாம் மாதம் வளைகாப்பு. கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, வயிற்றருகே குலுக்கச் சொன்னார்கள். குலுக்கினாள். அசைவில்லை. முகிலன் குனிந்து கூப்பிட்டான். அப்போதும் அசைவில்லை.

"சார்ஜ் குறைகிறது" என்றது பெல்ட், குழைந்த பெண்குரலில். குழந்தை துள்ளிப் புரண்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

இதழினி மட்டும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, "சார்ஜ் குறைகிறது" என்று அதே குழைவோடு சொல்லிப் பார்த்தாள்.

வயிறு அசையவே இல்லை.