கதவின் கறுப்பு

"உன் கையைப் பாருக்கா, ரெண்டு வலது கை. காளியாத்தா மாதிரி நிக்கிற" என்று சிரித்தான் விஜேந்திரன்.

நிரஞ்சலா எட்டிப் பார்த்தாள். திரையில் அவளுடைய கல்யாணப் படம். தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் மாலையோடு அவளும் மாப்பிள்ளையும். அவளுடைய வலது கை சும்மா தொங்கிக்கொண்டும் இருந்தது, பிடரியைத் தட்டிக்கொண்டும் இருந்தது.

பசறையிலிருந்து பஸ் ஏறி, பதுளையில் தம்பி வாடகைக்கு இருக்கும் அறைக்கு வந்திருந்தாள். அவன் இங்கே உட்கார்ந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்கிறான். வெயிலையும் இருட்டையும் ஒரே படத்தில் தெரிய வைக்கிற வேலை. தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்த வீட்டில் இப்படியும் ஒரு பிழைப்பு.

"கேமராவுக்கு நம்ம கண்ணு மாதிரி வராதுக்கா. வெயிலப் பிடிச்சா நிழல் கறுத்துப் போயிரும். நிழலப் பிடிச்சா வெயில் வெளுத்துரும். அதான் கல்யாணத்துக்குப் படம் பிடிச்ச ஸனூஸ் நானா அடுத்தடுத்து மூணு எடுத்திருக்காரு. நல்லா வந்தத ஆல்பத்துக்குக் குடுத்துட்டு மத்தத அப்படியே போட்டு வெச்சிருந்தாரு. இப்ப மூணையும் கேட்டு வாங்கி ஒண்ணா அடுக்கியிருக்கேன். நடுவுல அசைஞ்ச ஆளு ரெண்டாத் தெரியும், உன்னைய மாதிரி."

"கூரைத் துருடா. படம் எடுக்கிற நேரம் பாத்து கழுத்துல கொட்டுச்சு."

"பரவால்ல. ஒரு தட்டு தட்டினா கிராஃபிக்ஸ் கார்டே அந்தப் பிழைய எடுத்துரும்."

அவளுக்குக் கண் படத்தை விட்டு வரவில்லை. தண்ணி பிடிக்கிற நீலப் பீப்பாய். மாவு டின்னில் நட்ட மிளகாய்ச் செடி. எல்லாம் அப்படியே இருந்தது. லயத்தை இடித்துவிட்டார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

படத்தில் அம்மா இல்லை.

அப்பா செத்த மறுவருஷம் நடந்த கல்யாணம். தாலி அறுத்தவள் முன்னுக்கு நிற்கக் கூடாது என்று சொந்தபந்தம் முணுமுணுத்தபோது, நிரஞ்சலாதான் ஒரே பிடியாய் நின்றாள்: "நீ நின்னாத்தான் நான் வாசல் இறங்குவேன்."

"நிக்கிறேன்டி" என்றாள் அம்மா.

விடிந்து பார்த்தால் அம்மாவைக் காணோம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட்டாளாம். அத்தைக்காரி சொன்னாள். மறுவீட்டுக்கு வந்து சண்டை பிடித்தபோது அம்மாவும் அதையேதான் சொன்னாள்: "ஆமா, மலைக்குத்தான் போனேன். சும்மா உக்காந்திருந்தா யாரு சோறு போடுவா?"

அந்தச் சொல்லை நிரஞ்சலா மறக்கவே இல்லை. அம்மா படுக்கையில் கிடந்த நாளில் அவளுக்குச் சோறூட்டினாள், கழுவிவிட்டாள். மனம் விட்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

"இப்ப வேடிக்கையப் பாரு" என்றான் தம்பி. "ஒங்க ரெண்டு பேருக்கும் பின்னால கதவு தார் பூசின மாதிரி இருக்குல்ல? உள்ளுக்கு வெளிச்சம் விடுறேன்."

மவுஸை இழுத்தான். காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அவன் கை நகர நகர, வெயில் மாறாமல் வெயிலாகவே நிற்க, கதவுக்குள் இருந்த கறுப்பு மட்டும் கரைந்தது. சுவர் வந்தது. சாமிப் படம் போட்ட கலண்டர் வந்தது. கவிழ்த்து வைத்த கொழுந்துக் கூடை வந்தது.

அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள்.

"அட, அங்கயும் யாரோ அசைஞ்சிருக்காங்க. இரு, உன் கையோட சேத்து அதையும் எடுத்துர்றேன்."

நிரஞ்சலா முதலில் பார்த்தது வளையல் இல்லாத கையை. பிறகு, கல்யாணத்துக்கென்று அம்மாவுக்கு அவள் ஆசையாய் எடுத்துக்கொடுத்த மாம்பழக் கலர் சேலையை.

ஒரு கை முந்தானையை வாயில் பொத்தியிருந்தது. அதே தோளிலிருந்து அதே கை இன்னொரு தடவை, வாசல் பக்கமாய் நீண்டு, விரல்கள் விரிந்து இருந்தது.

தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"தொடாதடா."

அவனும் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தான். சிரிப்பு நின்றுபோனது. "அம்மா மலைக்குப் போனாங்கன்னுதானே..." என்றான்.

விரிந்த விரல்களுக்கும் மணப்பெண்ணின் பிடரிக்கும் நடுவில், கதவு நிழலில், அரிசி மணி அளவில் சில பொட்டுகள் நின்றன. பிழை என்றுதான் அவன் அவற்றையும் நினைத்திருப்பான்.

எல்லாம் மஞ்சள்.

கூரைத் துரு மஞ்சளாக இருக்காது.

நிரஞ்சலாவின் கை தானாய்ப் பிடரிக்குப் போனது. இந்தத் தடவை தட்டவில்லை.