மீன் கொட்டகைக்குப் பூட்டு

"இன்னிக்கும் பிளக்க புடுங்கிப் போட்டுக்கிறான் பாரு அம்முலு."

வேதகிரி மீன் தொட்டிக்குள் கையை விட்டான். தண்ணீர் சில்லென்று இருந்தது. மார்கழிப் பனியில் குஞ்சுகள் விறைத்துவிடக் கூடாதே என்று தினமும் சாயங்காலம் ஹீட்டரைப் போட்டுவிட்டுப் போகிறான். விடிந்து வந்து பார்த்தால் பிளக் தரையில் கிடக்கிறது. ஹீட்டர் போட ஆரம்பித்த இந்த ஒரு வாரமாக இதே கூத்துதான்.

"பூனை கீனை இழுத்துருக்கும்" என்றாள் அவன் மனைவி.

"பூனை சுவிட்சையும் ஆஃப் பண்ணிட்டுப் போவுமா? எல்லாம் அந்தத் தமிழரசன் வேலை."

தமிழரசன் அடுத்த வீட்டில் இருக்கும் சொந்தத் தம்பி. மனைப் பங்கில் வந்த சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகிறது. அவனும் இவனைப் போல ஏஞ்சல் என்கிற வண்ண மீன்தான் வளர்த்தான். பத்து நாள் முன்னால் அத்தனையும் செத்துப் போயின.

"அவன் மீனு பூட்ச்சி. என் மீனும் போவணும். வயித்தெரிச்சல் புடிச்சவன்."

"கூடப் பொறந்தவரு அப்படிப் பண்ணுவாரா? ஒரு வார்த்த கேட்டுப் பாருய்யா."

"அவனாண்ட நானா போய்ப் பேசணும்? செத்தாலும் மாட்டேன்."

மறுநாள் வியாபாரி வருகிறார். மூன்று மாசம் கண்ணும் கருத்துமாக வளர்த்த குஞ்சுகள். இதை விட்டால் இந்த வருஷத்துக்கு வேறு வரும்படி கிடையாது. வேதகிரி உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் போய் ஆனைப் பூட்டாக ஒன்று வாங்கிவந்தான். இருட்டியதும் ஹீட்டரைப் போட்டு, கொட்டகையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

"இப்ப புடுங்கட்டும் பாக்கலாம்" என்றான். அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினான்.

விடிந்ததும் பூட்டைத் திறந்தான். உள்ளே இருந்து வெக்கை அடித்தது. பிளக் போட்டது போட்டபடி இருந்தது. தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. குஞ்சுகள் அத்தனையும் வெளுத்துப் போய் மிதந்தன. வேதகிரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வாசலில் தமிழரசன் நின்றிருந்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவனே வாயைத் திறந்தான்.

"என் மீனையும் ஹீட்டருதான்ணே வேக வச்சிது. சல்லிசா கெடைக்குதுன்னு சண்டைக்கு முன்ன நாம ஜோடியா வாங்கினமே, அது சூடு ஏறினா தானா நிக்க மாட்டேங்குது. உன்னுதும் அதே சாமானாச்சேன்னு தெனம் நீங்க தூங்கினப்புறம் வந்து புடுங்கிக்கினு இருந்தேன். நேத்து பூட்டப் பாத்துட்டு உன் வூட்டு வாசப்படி வரைக்கும் வந்தேன்ணே... கூப்புடத்தான் வாய் வரல."