கொட்டிய டீ

ஓவியர் செண்பகவல்லி தன் ஆசைப் படங்களுக்கென்று வாங்கிய தடித்த நோட்டு மூன்று வருடமாக வெறுமையாகவே கிடந்தது. ஜன்னல் காக்கா, மீன்காரம்மா, பஸ்ஸில் தூங்கியவர் என எல்லோரையும் அவள் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில்தான் வரைந்தாள்.

"உன் மாப்பிள்ளைக்கு வழுக்கையே விழுந்தாச்சு! உன்மேல வரையிறா, என்னைத் தொடக்கூட மாட்டேங்கிறாளே!" என்று ஒரு பத்திரிகையிடம் கத்தியது நோட்டு.

"என்னைக் கெடுத்துடுவோம்னு அவளுக்குப் பயமில்ல," என்றது பத்திரிகை.

ஒருநாள் அவள் நோட்டைத் திறந்துவைத்து, வழக்கம்போலத் தயங்கியபோது, கை பட்டு டீ கிளாஸ் கவிழ்ந்தது. முதல் பக்கம் முழுக்கக் கறை. தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கறையையே உற்றுப் பார்த்து, அதற்குக் கொம்பும் வாலும் வரைந்தாள். எருமை ஒன்று முறைத்தது. சிரித்தபடி அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

நோட்டு டீ கிளாஸைப் பார்த்துச் சீறியது: "அட பாவி, இத்தனை வருஷமா எங்கடா போயிருந்தே?"