ஊதாக் கறை

திண்டிவனத்துக் கான்வென்ட் பள்ளி வாக்குச்சாவடியில், விரலைப் பார்த்து மை வைக்கும் பார்த்திபனுக்குக் காலையிலிருந்தே யார்மேலும் நம்பிக்கையில்லை. முதுகுக்குப் பின்னாலிருக்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்மேல்கூட இல்லை. ஓட்டுரிமைக்காகப் போராடிய பெண்களின் நினைவாகப் பள்ளி வைத்த ஜன்னல் அது. கண்ணாடியில், கையில் மனுவோடு மூன்று பெண்கள். தோள்களில் ஊதாப் பட்டி. அது எந்தக் கட்சியின் நிறம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். வெயில் ஜன்னலுக்கு வந்துவிட்டது. மல்லாட்டைக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்த கடலைக்காரி கிளியம்மாள் இடக்கையை மேசைமேல் நீட்டுகிறாள். சுட்டுவிரல் நகத்தில் ஊதாக் கறை. "ஏம்மா, காலையிலயே போட்டுட்டு மறுபடியும் வந்து நின்னுக்கினு இருக்கியா? போலீசைக் கூப்பிடவா?" ஏஜெண்டுகள் எட்டிப் பார்க்கிறார்கள். அவன் ஈரத்துணியால் நகத்தை அழுத்தித் தேய்க்கிறான். கறை போகவில்லை, துணியும் ஊதாவாகத் தெரிகிறது. "இன்னா சார் பேஜாரு, இப்பத்தான உள்ள வர்றேன்!" அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிறாள். விரல் சுத்தமாக இருக்கிறது. ஊதா வெளிச்சம் மட்டும் மேசைமேல், அவன் கைமேல், அப்படியே கிடக்கிறது. கிளியம்மாள் அதை உற்றுப் பார்க்கிறாள். "ஒங்க வெரல்லயும்தான் கீது. நீங்க எத்தினி ஓட்டு போட்டீங்க சார்?"